லாமாயுருவில் தொடங்கி ஹெமிஸில் முடியும் மூன்று வாரம்: லடாக் மலைநடைக்கும் கோம்பாக்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

லடாக்கில் நடக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் நடையைத்தான் முதலில் திட்டமிடுகிறார்கள். கோம்பாக்களுக்கு, அதாவது பௌத்த மடாலயங்களுக்கு, கடைசியில் ஒரு நாள் மிச்சமிருந்தால் டாக்சி வைத்து நாலைந்தைப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். இதை அப்படியே தலைகீழாக மாற்றுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. கோம்பாக்களை முதலில் பாருங்கள். அந்த நாட்களிலேயே உடம்பு உயரத்துக்குப் பழகிவிடும். பிறகு நடந்து போகும் வழியில் வரும் ஒவ்வொரு சுவரும் ஸ்தூபியும் என்னவென்று உங்களுக்கே புரியும்.

முதல் முறை போனபோது நான் இப்படிச் செய்யவில்லை. லே நகரில் இறங்கிய மூன்றாம் நாளே, ஏற்பாடு செய்து கொடுத்தவர் சொன்னபடி, ஸிங்சென் வழியாக கண்டா லாவை நோக்கி ஏறினோம் (லா என்றால் கணவாய்). 4,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் யுருட்சேயில் அன்றிரவு எனக்குத் தலை பிளந்தது. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. விடிந்ததும் கீழே இறங்கினேன். அந்தப் பயணம் அத்தோடு முடிந்தது. அடுத்த முறை அவசரப்படாமல் மூன்று வாரம் ஒதுக்கினேன். கீழே இருப்பது அந்தத் திட்டம்.

எப்போது போவது

ஜூலை பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை. அதற்கு முன்னால் போனால் 5,000 மீட்டரை ஒட்டிய கணவாய்களில் பனி கிடக்கும்; ஓடைகளிலும் உருகிய நீர் நிறைய வரும். செப்டம்பர் முதல் இரண்டு வாரம் எனக்கு மிகவும் பிடித்த காலம். பார்லி அறுவடை நடக்கும், தண்ணீர் வற்றியிருக்கும், வானம் துடைத்து விட்டது போல இருக்கும். இரவுக் குளிர் மட்டும் கூடிவிடும்.

லடாக் மழை மறைவுப் பிரதேசம்தான். ஆனாலும் மழையே வராது என்று நம்பிவிடாதீர்கள். 2010 ஆகஸ்டில் ஒரே இரவில் மேகம் உடைந்து லேயைச் சுற்றிய ஊர்களை வெள்ளமும் சேறும் அடித்துப் போயின. ஓடைப் படுகையில், அது எவ்வளவு சமதளமாகவும் அழகாகவும் இருந்தாலும், கூடாரம் போடாதீர்கள்.

ஹெமிஸ் மடாலயத்தின் திருவிழாவைப் பார்க்க வேண்டுமென்றால் தேதியை அதற்கேற்ப அமைக்க வேண்டும். திபெத்திய நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் பத்தாம், பதினொன்றாம் நாட்களில் அது வரும். நம் கணக்குக்கு ஜூன் அல்லது ஜூலை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, குரங்கு ஆண்டில், தங்கா எனப்படும் பெரிய துணி ஓவியத்தை முற்றத்தில் விரித்துக் காட்டுவார்கள். 2016-இல் நடந்தது; அடுத்தது 2028.

ஊரிலிருந்தே செய்ய வேண்டியவை

கடல் மட்டத்தில் வாழ்கிற நமக்குத் தொடையும் முழங்காலும்தான் முதல் கவலை. மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். வாரத்துக்கு நான்கு நாள் மாடிப்படி, முதுகில் எட்டு கிலோ பை. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கி, மறுநாள் காலை மறுபடி மூன்று மணி நேரம் நடக்கக் கால் ஒத்துக்கொண்டால் நீங்கள் தயார். ஒரே நாளில் எவ்வளவு ஏறுகிறோம் என்பது இங்கே முக்கியமில்லை. நேற்று நடந்த காலோடு இன்றும் நடக்க முடிகிறதா என்று பாருங்கள்.

காலணியைப் புதிதாக வாங்கி அங்கே போய் முதன்முதலாகப் போடக் கூடாது. குறைந்தது ஐம்பது கிலோமீட்டர் இங்கேயே நடந்து பழக்குங்கள். ஓடைகளைக் கடக்க ஒரு ஜோடி வார் வைத்த செருப்பு வேண்டும். வெறுங்காலோடு இறங்கினால் உருண்டைக் கற்களில் வழுக்கும், குளிரில் பாதம் மரத்துப்போகும். டவுன் ஜாக்கெட், தூக்கப்பை, ஊன்றுகோல் மூன்றும் லேயில் வாடகைக்குக் கிடைக்கும். கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்குப் பூச பாம், வெயில் கிரீம், கம்பளித் தொப்பி, ஓஆர்எஸ் பொட்டலங்கள், தலையில் மாட்டும் டார்ச் ஆகியவற்றை இங்கிருந்தே எடுத்துப் போங்கள். டார்ச் இரவு நடைக்கு மட்டுமல்ல. ஏன் என்று ஆல்ச்சியில் சொல்கிறேன்.

போன் விஷயம் ஒன்று. மற்ற மாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். மலைக்குள் நுழைந்த பிறகு அதற்கும் சிக்னல் இருக்காது. செயற்கைக்கோள் போன், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகள் எதையும் அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபடுவீர்கள். ரொக்கத்தை லே ஏடிஎம்களில் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். நடையின் பிற்பாதி ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் போகிறது. அதற்கான நுழைவுக் கட்டணத்தையும் சுற்றுலாப் பயணிகளுக்கான சுற்றுச்சூழல் கட்டணத்தையும் லேயிலேயே விசாரித்துக் கட்டி, ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

1 முதல் 3-ஆம் நாள்: லே

டில்லியிலிருந்து விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். லே நகரின் உயரம் சுமார் 3,500 மீட்டர். நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு காற்றழுத்தம்தான் அங்கே. உடம்புக்கு இது தெரியச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் இறங்கியவுடன் நன்றாக இருப்பது போலத் தோன்றி, பலர் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் நாள் முழுக்கப் படுங்கள். தண்ணீர் குடியுங்கள். மது வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம்.

அசெடசோலமைட் மாத்திரை, அதாவது டயமாக்ஸ், பலர் எடுப்பதுண்டு. வழக்கமாகப் பெரியவர்களுக்கு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. ஏறுவதற்கு முதல் நாளே தொடங்குவார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இருப்பதால் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். அது பழகுவதை விரைவாக்கும் மருந்து. அதைப் போட்டுக்கொண்டு வேகமாக ஏறலாம் என்று அர்த்தமில்லை.

இரண்டாம் நாள் பழைய கடைத்தெருவில் மெதுவாக நடை. மேலே தெரியும் ஒன்பது மாடி அரண்மனை 17-ஆம் நூற்றாண்டில் சிங்கே நம்கியால் அரசர் காலத்தது. அவர் பெயரை நினைவில் வையுங்கள். ஹெமிஸ் வரை கூடவே வருவார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் திக்சே கோம்பா. 19 கிலோமீட்டர், டாக்சி. வெள்ளைக் கட்டடங்கள் குன்றின் மேல் பன்னிரண்டு அடுக்காக ஏறி நிற்கும். கூரையில் இரண்டு துறவிகள் நின்று ஊதுகுழல் ஊதுவார்கள்; அதுதான் காலைப் பிரார்த்தனைக்கு அழைப்பு. உள்ளே சுவரை ஒட்டி உட்காருங்கள். கால் நீட்டி, பாதம் பீடத்தைப் பார்க்க உட்காரக் கூடாது. சிறு பையன்கள் கெண்டியோடு வந்து வெண்ணெய்த் தேநீர் ஊற்றுவார்கள். அது உப்பு போட்டது. தேநீர் என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது. சூடான ரசம் போல நினைத்துக் குடியுங்கள். அடுத்த அறையில் இரண்டு மாடி உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார் மைத்ரேயர், இனி வரப்போகும் புத்தர். 15 மீட்டர் சிலை. நீங்கள் நுழையும் மாடியில் அவர் முகம் உங்களுக்கு நேரே இருக்கும்.

திரும்பும் வழியில் ஷே. பழைய அரண்மனைக்குள், செம்பில் செய்து பொன்முலாம் பூசிய 12 மீட்டர் சாக்கியமுனி புத்தர். சிங்கே நம்கியாலின் மகன் தெல்தன் நம்கியால் தந்தையின் நினைவாக 1655-இல் எழுப்பியது. செம்புத் தகடுகளை அடித்து, ஒன்றோடொன்று இணைத்த வேலையை நன்றாகப் பாருங்கள். இதைச் செய்யக் கைவினைஞர்கள் நேபாளத்திலிருந்து வந்தார்கள் என்பது வழக்கு. அவர்கள் வழிவந்தோரின் ஊருக்குப் பத்து நாள் கழித்து நீங்கள் நடந்தே போகப் போகிறீர்கள்.

4 முதல் 7-ஆம் நாள்: சிந்து நதியோடு மேற்கே

லேயிலிருந்து ஸ்ரீநகர் சாலையில் போகிறோம். டாக்சி சங்கம் ஒவ்வொரு இடத்துக்கும் கட்டணத்தை அச்சிட்டு வைத்திருக்கிறது, பேரம் பேச வேண்டியதில்லை. நிம்முவில் ஸன்ஸ்கர் ஆறு சிந்துவில் கலக்கும் இடத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். பிறகு பாஸ்கோ, மண்ணோடு மண்ணாகக் கரைந்துகொண்டிருக்கும் கோட்டைக்கு நடுவே மைத்ரேயர் கோயில். லிக்கிரில் வெட்டவெளியில் 23 மீட்டர் உயரப் பொன்னிற மைத்ரேயர். நேரம் இல்லையென்றால் இதை விட்டுவிடலாம்.

ஆல்ச்சியை விடக் கூடாது. இரண்டு இரவு தங்குங்கள். உயரம் 3,100 மீட்டர்தான், லேயைவிடத் தாழ்வு. உடம்புக்கு அது ஓர் இளைப்பாறல். ஆப்ரிகாட் (சர்க்கரை பாதாமி) பழத் தோட்டங்களுக்கு நடுவே, சிந்துவின் கரையில், குன்றின்மேல் அல்லாமல் சமதரையில் இருக்கிறது இந்தக் கோயில் தொகுதி. 11, 12-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. பெரும் மொழிபெயர்ப்பாளர் ரின்சென் ஸாங்போ கட்டியது என்பது மரபு.

சும்ட்செக் என்ற மூன்றடுக்குக் கோயிலுக்குள் போங்கள். இருட்டு. கண் பழக நிதானமாக நில்லுங்கள். மூன்று சுவர் மாடங்களில் மூன்று போதிசத்துவர்கள், ஆளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உயரம். தலை மேல்மாடிக்குள் போய்விடும். இப்போது டார்ச்சை எடுங்கள். அவர்கள் கட்டியிருக்கும் வேட்டியைப் பாருங்கள், முகத்தையல்ல. அவலோகிதேஸ்வரரின் வேட்டி முழுக்கக் காஷ்மீரத்துக் கோயில்களும் அரண்மனைகளும் குதிரைவீரர்களும். மைத்ரேயரின் வேட்டியில் வட்டம் வட்டமாகப் புத்தரின் வாழ்க்கை. மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் எண்பத்து நான்கு சித்தர்கள், ஒவ்வொருவரும் ஒரு விதமாக உட்கார்ந்தபடி. விரல்நக அளவு முகத்தில் புருவம்கூடத் தீட்டியிருக்கிறார்கள். காஷ்மீரிலேயே இந்த ஓவிய மரபு அழிந்துபோன பிறகு, அது எப்படி இருந்தது என்று பார்க்க இங்கேதான் வர வேண்டியிருக்கிறது. படம் எடுக்க அனுமதியில்லை. அது நல்லதே, நாற்பது நிமிடம் வெறுமனே பார்ப்பீர்கள்.

ஆறாம் நாள் லாமாயுரு. லேயிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர், உயரம் 3,500. சாலை ஏறும்போது ஒரு பக்கம் மலை மஞ்சளாக, மெழுகு உருகி வழிந்தது போல மடிப்பு மடிப்பாகத் தெரியும். அது பழைய ஏரியின் அடிமண். இந்தப் பள்ளத்தாக்கு ஏரியாக இருந்தது, அதன் நீர் வடிந்து மடாலயத்துக்கு இடம் கிடைத்தது என்று மடாலயமே சொல்லும் கதையும், மண்ணைப் படிக்கிறவர்கள் சொல்வதும் இங்கே ஒத்துப்போகின்றன. பிரார்த்தனை மண்டபத்துக்குள் இந்தியச் சித்தர் நரோபா தியானம் செய்ததாகச் சொல்லும் குகை உண்டு. ஏழாம் நாளும் இங்கேயே இருங்கள். மாலையில் மேலே உள்ள மேட்டுக்கு ஒரு மணி நேரம் ஏறி இறங்கினால் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிரிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. திக்சேயும் லிக்கிரும் தலாய் லாமாவின் கெலுக் பிரிவு. லாமாயுரு ட்ரிகுங் காக்யு. ஹெமிஸ் ட்ருக்பா காக்யு. கோம்பாவுக்குள் நடுவில் மாட்டியிருக்கும் குருவின் படத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியத் தொடங்கும்.

8 முதல் 13-ஆம் நாள்: லாமாயுருவிலிருந்து சில்லிங்

குதிரைக்காரரையும் வழிகாட்டியையும் லேயிலேயே பேசி, லாமாயுருவில் வந்து சேரச் சொல்லுங்கள். இந்தப் பகுதியில் எல்லா இரவும் வீட்டில் தங்க முடியாது. கூடாரமும் அடுப்பும் வேண்டும்.

எட்டாம் நாள் இலேசானது. பிரிங்க்டி லா என்ற சிறு கணவாயைத் தாண்டி வன்லா. வழியில் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீண்ட மணிச் சுவர்கள் வரும். அவற்றை எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் விட்டு நடங்கள். சோர்ட்டென் ஸ்தூபிகளுக்கும் அப்படியே. நம் கோயிலில் வலம் வருவது போலத்தான். பாதை இரண்டாகப் பிரிந்து சுவரின் இரு பக்கமும் போவதன் காரணம் இதுதான். வன்லாவில் பதினொரு தலை அவலோகிதேஸ்வரர் நிற்கும் பழைய மூன்றடுக்குக் கோயில் பூட்டியிருக்கலாம். சாவி கோன்யெர் எனப்படும் காவல் துறவியிடம் இருக்கும். ஊரில் யாரிடமாவது கேட்டுவிட்டு உட்காருங்கள். வயலில் இருந்து அவர் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகலாம். உண்டியலில் பணம் போடுங்கள், கையில் கொடுக்க வேண்டாம்.

ஒன்பதாம் நாள் பஞ்சிலா வழியாக ஹின்ஜு. பாதி வழி வண்டிச் சாலை என்பதால் சிலர் வண்டியில் போவார்கள். நான் நடக்கவே சொல்வேன். நிதானமான ஏற்றம் பழகுவதற்கு நல்லது. பத்தாம் நாள் கணவாயின் அடிவாரம் வரை மட்டும். பதினொன்றாம் நாள் கொன்ஸ்கே லா, 4,900 மீட்டருக்கு மேல். நான்கு மணிக்கே கிளம்புங்கள். இருபது அடி, ஒரு நிற்றல், மறுபடி இருபது அடி. பேச முடியாத வேகத்தில் ஏறாதீர்கள். உச்சியில் கொடிகள் படபடக்கும் கற்குவியலைக் கண்டதும் கூட வந்தவர் "கி கி சோ சோ, லார்கியாலோ" என்று கத்துவார். தெய்வங்களுக்கு வெற்றி என்று பொருள். நீங்களும் சேர்ந்து கத்துங்கள், மூச்சு மிச்சமிருந்தால்.

மறுபுறம் சும்தா சென்மோ என்ற ஊர். அடுத்த நாள் டுங் டுங் லாவின் கீழே கூடாரம், அதற்கடுத்த நாள் அந்தக் கணவாயைத் தாண்டி சில்லிங்குக்கு நெடிய இறக்கம். முழங்கால் வலிக்கும், ஊன்றுகோலை நீளமாக்கிக்கொள்ளுங்கள்.

சில்லிங்தான் நான் சொன்ன ஊர். செம்பு, பித்தளை, வெள்ளி வேலை செய்யும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. நான் பார்த்த பட்டறை ஒரு சின்ன அறை. தரையில் குழி, அதில் கரி, பக்கத்தில் ஆட்டுத்தோல் துருத்தி. கைப்பிடியில் கொடி வேலைப்பாடு செய்த ஒரு கரண்டியைப் பெரியவர் கையில் கொடுத்தார். குழிவில் சுத்தியலின் அடிகள் மீன்செதில் போல வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருந்தன. லடாக்கில் நீங்கள் சாப்பிடும் பல வீடுகளின் அடுக்களைச் சுவரில் இப்படிக் கரண்டிகள் தொங்கும். வாங்குவதென்றால் இங்கே, செய்தவரிடம் வாங்குங்கள்.

14 முதல் 19-ஆம் நாள்: மார்க்கா பள்ளத்தாக்கு

ஸன்ஸ்கர் ஆற்றைப் பாலத்தில் தாண்டி ஸ்கியூ. இங்கிருந்து தச்சுங்ட்சே, நிமாலிங் என்ற கூடார இடங்கள் இரண்டும் தவிர எல்லா இரவும் வீட்டில் தங்கலாம். ஸ்கியூ, சாரா, மார்க்கா, உம்லுங், ஹங்கர் எல்லா ஊரிலும் ஹோம்ஸ்டே உண்டு. பனிச்சிறுத்தை ஆட்டைக் கொன்றால் ஊரார் சிறுத்தையைக் கொல்லும் நிலை இருந்தது. பயணிகளால் வரும் வருமானம் அந்தப் பகையைக் குறைக்கும் என்று ரும்பக் என்ற ஊரில் தொடங்கிய முயற்சி இங்கெல்லாம் பரவியது. ஆகவே கூடாரம் கையில் இருந்தாலும் இந்த ஊர்களில் வீட்டில் தங்குங்கள். ஊரில் நுழைந்ததும் "ஜூலே" என்று சொன்னால் போதும். வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாம் அதுவே.

சாப்பாடு சோறும் பருப்பும், அல்லது ஸ்கியூ என்ற, கோதுமை மாவைக் கட்டைவிரலால் அழுத்திக் காய்கறியோடு வேகவைத்த குழம்பு. உங்கள் கோப்பையில் ஒரு வாய் குறைந்தாலும் ஊற்றிவிடுவார்கள். போதுமென்றால் நிறைந்த கோப்பையை அப்படியே வைத்திருந்து, கிளம்பும்போது குடித்துவிடுங்கள். கழிவறை உலர் கழிவறை. உள்ளே தண்ணீர் ஊற்றாமல் ஒரு மண்வெட்டி மண் தள்ளுங்கள். அடுத்த ஆண்டு அது வயலுக்கு உரம்.

சாலை இந்தப் பள்ளத்தாக்குக்குள் ஏறிக்கொண்டே வருகிறது. சில இடங்களில் தூசிக்கு நடுவே நடக்க வேண்டியிருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது மருத்துவமனைக்கான வழி என்பதால் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மார்க்கா ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டிய இடங்களைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் பனி உருகி அதே இடம் இடுப்பளவு ஆகலாம். உம்லுங்குக்கு முன் பாறை விளிம்பில் ஒட்டிய டேச்சா கோம்பாவுக்கு ஏறிப் பாருங்கள்.

ஹங்கர் 4,000 மீட்டர். அடுத்து தச்சுங்ட்சே, அதற்கடுத்து 4,700-க்கும் மேலான நிமாலிங். ஹங்கரிலிருந்து ஒரே நாளில் நிமாலிங் போகத் தோன்றும். போகாதீர்கள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பதுதான் கணக்கு. தலைவலி இருந்தால் அங்கேயே தங்குங்கள். வாந்தியும் தள்ளாட்டமும், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பும், பேச்சில் குழப்பமும் வந்தால் இரவானாலும் கீழே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நிமாலிங் அகன்ற புல்வெளி; மேலே 6,400 மீட்டர் காங் யாட்சே சிகரம். ஆகஸ்டிலும் இரவில் தண்ணீர்க் குப்பி உறையும், தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிகளையும். பத்தொன்பதாம் நாள் காங்மாரு லா, 5,200 மீட்டரை ஒட்டி. ஏற்றம் இரண்டு மணி நேரம்தான். மறுபுறம் செங்குத்தான, ஓடையைத் திரும்பத் திரும்பத் தாண்டும் நீண்ட பள்ளம். ஷாங் சும்தோ வரை இறங்கித் தூங்குங்கள்.

20, 21-ஆம் நாள்: ஹெமிஸ், பிறகு லே

ஹெமிஸ் பள்ளத்தாக்கின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. அருகில் போகும் வரை தெரியாது. சிங்கே நம்கியாலின் ஆதரவில் ஸ்டாக்சாங் ராஸ்பா என்ற துறவி நிறுவியது. அவசரமில்லாமல் அருங்காட்சியகமும் பாருங்கள். லேயில் அடுத்து விமானத்துக்கு முன் குறைந்தது இரண்டு நாள் வெறுமையாக இருக்கட்டும். வானிலையால் விமானம் ரத்தாவது அங்கே சாதாரணம். வழியில் எங்காவது ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தாலும் இந்த இரண்டு நாள்தான் கைகொடுக்கும்.

ஹெமிஸிலிருந்து லே போகும் சாலை ஷே வழியாகத்தான். டிரைவரிடம் சொல்லி அரை மணி நேரம் நிறுத்துங்கள். அந்தச் செம்புப் புத்தரிடம் மறுபடி போங்கள். முதல் முறை பார்த்தபோது நான் அவருடைய உயரத்தைத்தான் பார்த்தேன். இரண்டாம் முறை தோள்பட்டையில் தகடு தகட்டோடு சேரும் கோட்டைத் தேடி, சில்லிங்கில் அந்தப் பெரியவர் கரண்டியைத் திருப்பிக் காட்டியது போல, சுத்தியல் எந்தப் பக்கமிருந்து விழுந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.